கிராதி இருந்த இடம்

இன்னும் எறும்பு வரவில்லை. வராமல் இருக்குமா, இந்த ஊரில் ஒரு பருக்கை விழுந்தால் பத்து நிமிடத்தில் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும். பதினொன்றே காலுக்கு விழுந்தது. இப்போது பதினொன்று நாற்பது. சிவப்புக் கம்பளத்தின் ஓரத்துக்கும் இந்தத் தூணுக்கும் நடுவில், என் வலது காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறும் தரையில் கிடக்கிறது. வெள்ளையாக, வட்டமாக, பழைய எட்டணாக் காசு அளவில் ஒரு ஓஸ்தி, பூசையில் ஆண்டவரின் உடலாகக் கொடுக்கிற அப்பம், நன்மை என்போம். விழுந்த வேகத்தில் ஓரத்தில் மெல்லிசாக ஒரு விரிசல். கோவிலில் யாரும் இல்லை. பொண்ணு மாப்பிள்ளை, பாட்டுக் குழு, வீடியோக்காரர்கள், என் தம்பி இன்னாசி, அவன் சம்பந்தி வீட்டு ஜனம் எல்லாம் பக்கத்து மண்டபத்துக்குப் பிரியாணி சாப்பிடப் போயாயிற்று. பீடத்து மெழுகுதிரியைக்கூட அணைத்துவிட்டார்கள். நான் மட்டும், சந்தியாகு, வயது அறுபத்தாறு, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், இந்தக் கோவிலுக்குள் பதினான்கு வருடமாகக் காலடி வைக்காதவன், தூணோடு தூணாக நின்றுகொண்டிருக்கிறேன். எடுக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. போயேன்டா என்று எனக்கு நானே பத்துத் தடவை சொல்லியாயிற்று. கால் கேட்டால்தானே.

அது வெறும் மாவு. அப்படிச் சொன்னவனே நான்தான். இங்கே நடப்பது புதுப் பூசை, சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டு, தமிழில், கிட்டாரும் கைதட்டலுமாக. நாங்கள் ஒரு முப்பது பேர் ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் ரைஸ் மில் குடோனில், மாதம் இரண்டு ஞாயிறு, வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு வயதான சாமியாரிடம் பழைய லத்தீன் பூசை காண்கிறவர்கள். மேற்றிராணியாரை, அதாவது ஆயரை, மதிக்காத கூட்டம் என்று எங்களுக்குப் பேர். மதிக்காமல் என்ன, அவருக்காகத் தினமும் செபம் சொல்லத்தான் செய்கிறோம், கீழ்ப்படிவதில்லை, அவ்வளவுதான். ஊரில் எங்களை உமிப் பூசைக்காரர்கள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மில் சாமி முதலில் சந்தேகம் என்று மட்டும்தான் சொன்னார், புதுப் பூசையில் ஆண்டவர் இறங்குகிறாரா என்பது சந்தேகம், சந்தேகம் இருக்கிற இடத்தில் விலகி நில் என்று. வருடம் போகப் போக அந்தச் சந்தேகம் இறுகிக்கொண்டே வந்தது. அதை இன்னும் இறுக்கினது நான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, "நீங்க அங்க போயி வாங்குறது வெறும் மாவு" என்று இன்னாசி குடும்பத்தைப் பார்த்துச் சொன்னேன். இன்னாசி குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவன் பெண்டாட்டி அமலிதான் எழுந்து அடுப்படிக்குள் போய் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. பங்கில் அவளை நற்கருணைப் பணியாளராகப் போட்டிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு சின்னச் சிமிழில் ஓஸ்திகளை வைத்துக்கொண்டு, நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்த் தன் கையாலேயே நன்மை கொடுப்பாள். வெங்காயம் நறுக்குகிற கை. நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். சாமியாரின் அபிஷேகம் பெற்ற விரல் தவிர வேறு விரல் படக்கூடாது என்று வளர்ந்தவன் நான். இந்த ஆயுளில் ஒரு ஓஸ்தியைக் கையால் தொட்டதில்லை. நாக்கில்தான். அதுவும் பல் படாமல்.

இந்தத் தூணுக்கும் எதிர்த் தூணுக்கும் நடுவில்தான் கிராதி இருந்தது. பீடத்துக்கு முன்னால் தடுப்பாக, இடுப்பளவு உயரத்தில் தேக்குக் கிராதி. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும், நன்மை வாங்குகிறவர்கள் வரிசையாக முழந்தாளிட்டு, துணிக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறப்போம். சாமியாரின் செருப்புச் சத்தம் ஒவ்வொருவராக நெருங்கி வரும். தாடைக்குக் கீழே பித்தளைத் தட்டின் குளிர்ச்சி படும், ஒரு துணுக்குச் சிந்திவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் குளிர்ச்சி பட்ட நொடியில் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் மூச்சு நின்று போகும். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் வரிசையில் எனக்கு முந்தின ஆளைத் தாண்டி என்னிடம் வருகிறார் என்றால் மூச்சு எப்படி ஓடும். கோவிலைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு வருடம் கிராதியைப் பெயர்த்து எடுத்தார்கள். கால்கள் ஊன்றியிருந்த குழிகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள், அந்தச் சிமென்ட் நிறம் தரையோடு இன்றுவரை சேரவில்லை. அடுத்த ஞாயிறு நான் கிராதி இல்லாத வெறும் தரையில், மூன்றாவது குழிக்குப் பக்கத்தில், என் வழக்கமான இடத்தில் முழந்தாளிட்டேன். அப்போது இருந்த பங்குச்சாமி, "எந்திரிங்க, எல்லாரும் நின்னுதானே வாங்குறாங்க" என்றார். நான் கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். தட்டும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் எனக்குப் பின்னால் நின்றவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரே பார்க்க, நான் வாயைப் பிளந்துகொண்டு தரையில். பிலோமி, என் பெண்டாட்டி, வரிசையை விட்டு வந்து என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். அவளும் வாங்கவில்லை. அப்படியே இரண்டு பேரும் வெளியே நடந்தோம். மறைக்க என்ன இருக்கிறது, வேத சாஸ்திரம், திருச்சபைச் சங்கத் தீர்மானங்கள், லத்தீன் எல்லாம் எனக்குப் பிறகு வந்தவை. முதலில் வந்தது அந்தத் திறந்த வாய். இப்போது இது கிடப்பது அதே மூன்றாவது குழிக்குப் பக்கத்தில்.

இன்று நான் வந்ததே ஜெசிந்தாவுக்காக. இன்னாசி மகள், இன்றைய கல்யாணப் பெண். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பிலோமிதான் அவளைத் தூக்கி வளர்த்தாள். பத்திரிகையோடு வந்து நின்று, "பெரியம்மாதான் இல்ல, நீங்களாவது வாங்க பெரியப்பா" என்றாள். மில் சாமியிடம் கேட்டேன். வேடிக்கை பார்க்கிறவனாகப் போ, பங்கெடுக்கிறவனாகப் போகாதே என்றார். அதன்படியே தூணோரம் நின்றேன். சிலுவை போடவில்லை, உட்காரவில்லை, முழந்தாளிடவில்லை, பதில் செபம் சொல்லவில்லை. சாமியார் ஓஸ்தியை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது மட்டும் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது, தூணைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நன்மை வாங்கும் வரிசை. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவன், வலது கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே, இடது கையில் வாங்கி, உட்கொள்ளாமல் அப்படியே ஓரமாக நடந்து வந்தான். யாரோ இடித்தார்கள். கையிலிருந்து நழுவியது. அவன் கீழே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், அசடு வழியச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். தட்டு இருந்திருந்தால் விழுமா. முழந்தாளிட்டு வாயில் வாங்கியிருந்தால் விழுமா. பார்த்தீர்களா, இதைத்தானே பதினான்கு வருடமாகச் சொல்கிறேன் என்று ஒரு சந்தோஷம், ஆமாம், வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஒரு சந்தோஷம்தான் முதலில் வந்தது. கூப்பாடு போட்டிருக்கலாம். போடவில்லை. மாவுக்கு எதற்குக் கூப்பாடு. ஆனால் கூட்டம் கலைந்து வெளியேறும்போது நான் என்னை அறியாமல் இரண்டு எட்டு முன்னால் வந்து, காலை அகட்டி, அதன்மேல் ஒரு செருப்பும் படாதபடி நின்றிருக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் பழகின நிற்பு அது. மழைக்காலத்தில் கம்பி அறுந்து தெருவில் கிடக்கும். செத்த கம்பியா உயிர்க் கம்பியா என்று பார்வைக்குத் தெரியாது, இரண்டும் ஒரே மாதிரி அசையாமல்தான் கிடக்கும். ஆபீசிலிருந்து லைன் ஆஃப் என்று போன் வரும். நம்பாதே என்பதுதான் தொழிலில் முதல் பாடம். எர்த் ராடு போட்டுச் சோதிக்கிறவரை உயிர் இருக்கிறது என்றே வைத்துக்கொள், தொடாதே, தாண்டாதே, யாரையும் விடாதே, ஆள் வருகிறவரை பக்கத்தில் நில். பரமசிவம் நம்பினான். என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன். லைன் ஆஃப்தான், எங்கள் பக்கத்தில் ஆஃப்தான். ஆனால் தெருக் கோடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதிலிருந்து மின்சாரம் எதிர்த்திசையில் ஏறி வந்திருக்கிறது. கம்பத்துமேல் அவன் கையை வைத்ததுதான் தெரியும். அவன் பெல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்ததைக் கீழே நின்று பார்த்தேன். அந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்குத் தோன்றும். இன்றைக்கும் மண்டபத்தில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது, அதைக் கேட்டதும் அவன் ஞாபகம் வந்துவிட்டது. மில் சாமி சொல்வதும் அதுதானே, லைன் ஆஃப், அங்கே ஒன்றும் ஓடவில்லை என்று. அவர் நல்லவர். படித்தவர். ஆனால் ராடு போட்டு யார் பார்த்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறேன். மாவு மாதிரிதான் இருக்கிறது. மில் குடோனில் பித்தளைத் தட்டு சகிதம் என் நாக்கில் விழுகிறதும் மாவு மாதிரிதானே இருக்கிறது. பார்த்தால் தெரியாது, இதில் யாருக்கும் பார்த்துத் தெரிந்ததில்லை. அந்த நினைப்பு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பெரிய கோவில், இவ்வளவு உயரக் கூரை, தரையில் இவ்வளவு சின்னதாக ஒரு வெள்ளை, கோவில் முழுக்க அதைச் சுற்றித்தான் நிற்கிறது போல இருந்தது. உள்ளே இருக்கிறவர் இருந்தால், யாருக்கும் தெரியாமல் இப்படியே கிடப்பார். சத்தம் போடமாட்டார். மிதித்தால்கூட.

பயம் அதில்லை. பயம் வேறே. இதில் ஆண்டவர் இருந்தால் நான் பிலோமிக்கு என்ன செய்தேன் என்பது. மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள், டாக்டர் கையை விரித்துவிட்டார். நன்மை வேண்டும் என்று கேட்டாள், பேச்சு சரியாக வரவில்லை, நாக்கை லேசாக நீட்டிக் காட்டினாள். மில் சாமிக்குப் போன் போட்டேன், வடக்கே எங்கேயோ ரயிலில் இருந்தார், நாளை மறுநாள் வருகிறேன் என்றார். சாயங்காலம் இன்னாசி, நான் கேட்காமலே, இந்தப் பங்குச் சாமியாரை நற்கருணைச் சிமிழோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். நான் வார்டு வாசலில் நின்றேன். இதே மாதிரிக் காலை அகட்டி. "வேண்டாம் சாமி, எங்க சாமி வருவாவ" என்றேன். இன்னாசி என் கையைப் பிடித்து, "அண்ணே, உனக்காக இல்ல, மதினிக்காகண்ணே" என்றான். தட்டிவிட்டேன். அந்தச் சாமியார் கோபப்படவில்லை. சட்டைப் பைக்குள் சிமிழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி மாடிப்படி இறங்கிப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு பிலோமி போய்விட்டாள். எங்கள் சாமி வந்து அடக்கப் பூசை வைத்தார், லத்தீனில், முறைப்படி, குறையே இல்லாமல். நானும் அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன். அந்தச் சிமிழில் இருந்தது மாவு என்றால் நான் செய்தது நியாயம். பொய்யான ஒன்றை அவள் வாயில் போகவிடாமல் காத்தேன். மாவு இல்லை என்றால், கடைசி வழிக்கு அவளோடு வர மாடியேறி வந்த ஆண்டவரை நான் வாசலில் வைத்து, போம் என்று அனுப்பியிருக்கிறேன். அதனால் இது மாவாகத்தான் இருக்க வேண்டும். மாவாக இருந்தால் நான் போகலாம். போகலாம் என்றால் ஏன் போகமாட்டேன் என்கிறேன். இங்கேதான் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

வந்துவிட்டது. தூணின் அடியில், பூச்சு விட்ட இடுக்கிலிருந்து முதல் எறும்பு. சிவப்புச் சிற்றெறும்பு. மோப்பம் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாக வருகிறது. அதே நேரத்தில் வாசல் பக்கம் ஏணி உரசுகிற சத்தம். அலங்காரக்காரர்கள் இரண்டு பேர், பன்னிரண்டரைக்கு இன்னொரு கல்யாணம் இருக்கிறதாம், அதற்கு நீலக் கம்பளமாம். "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க, கார்ப்பெட்டச் சுருட்டணும்" என்றான் மீசைக்காரன். கம்பளத்தை இழுத்தால் ஓரம் இதன்மேல் புரண்டுவிடும். "நில்லு!" என்றேன். கம்பத்துக்கு மேலிருந்து கத்துகிற குரல், கோவிலே அதிர்ந்தது. அவன் நின்ற இடத்தில் நின்றான். "என்னய்யா, நகை எதும் விழுந்துட்டா?" என்று கேட்டான். ஆமாம், கம்மல் என்றேன், எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது. "இருங்க, நான் தேடித் தாரேன்" என்று நல்லவன் குனிந்துகொண்டு நேராக அதை நோக்கிக் கையை நீட்டி வருகிறான். "தொடாதப்பா, சாமி கெடக்கு!" என் வாய்தான் சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு எனக்கே காது அடைத்துப் போயிற்று. அந்த மீசைக்காரன் கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் காலையில் பூசின விபூதி இன்னும் அழியவில்லை. என்ன சாமி, எங்கே, எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு எட்டுப் பின்னால் போனான், ரப்பர் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தான், கூட வந்தவனையும் கண்ணைக் காட்டிக் கழற்றச் சொன்னான். "நாங்க வெளிய இருக்கோம், நீங்க சொல்லுங்க, அப்புறம் வாறோம்" என்று ஏணியை எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் போனார்கள். நான் பதினான்கு வருடம் புத்தகம் புத்தகமாகப் படித்து, கூட்டம் போட்டு, வாதாடி, தீராமல் வைத்திருந்த ஒன்றை அவன் செருப்பைக் கழற்றி முடித்துவிட்டான்.

எறும்பு இப்போது ஐந்தாறு. ஊதினால் ஓஸ்தி பறந்துவிடும். காலால் நசுக்கலாம் என்றால் அவ்வளவு பக்கத்தில் என் காலை எப்படிக் கொண்டுபோவது. தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினேன், அது மூட்டு தேய்ந்த கால், உயிர் போய்விட்டு வந்தது, பிறகு மற்றதையும் ஊன்றினேன். இரண்டு கையையும் தரையில் வைத்து, அதைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு வரப்புக் கட்டினேன். எறும்பு என் கையில் ஏறட்டும். ஏறியது. சுண்டுவிரல் இடுக்கில் முதல் கடி, சுரீரென்றது. கடிக்கட்டும். என் இரண்டு கைக்கும் நடுவில், இதற்கு முன் எந்த நாளும் பார்க்காத அளவுக்குப் பக்கத்தில் அது இருந்தது. மேலே அச்சுக் குத்திய சிலுவை தெரிந்தது. விரிசல் தெரிந்தது. என் மூச்சுக்காற்று பட்டு அசைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அப்போதுதான் தெரிந்தது, இது அதே மூச்சு, தாடைக்குக் கீழே தட்டு வரும்போது நிற்கிற மூச்சு. நான் மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிறேன். தலை தரையைத் தொடுகிற மாதிரி. வேடிக்கை பார்க்க வந்தவன். எழுந்திருக்கப் பலம் இல்லை, எழுந்திருக்க மனமும் இல்லை. வாய் திறக்காமலே உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், செபம் ஒன்றும் இல்லை, பிலோமி, பிலோமி என்று அவள் பேரைத்தான்.

"அத்தான்! எல்லாரும் ஒங்களத்தான் தேடுதாவ, சாப்பிட வராம இங்க என்ன செய்திய?" அமலி குரல். பட்டுச்சேலை சரசரக்க வந்தவள் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். என் கைக்கு நடுவில் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உடனே அவளும் அப்படியே முழந்தாளிட்டாள். பிறகு, "எவ்வளவு நேரமா அத்தான்?" என்றாள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, தெரியாது என்றேன். சாமியாரைக் கூப்பிடு என்றேன். "சாமி அடுத்த ஊரு கோயிலுக்குப் போய்ட்டாவ, பன்னெண்டரைக்குத்தான் திரும்புவாவ. நான் எடுக்கலாம் அத்தான், எனக்கு அனுமதி உண்டு" என்றாள். "நீ தொடாத." யோசிக்காமல் வந்தது, பழைய பேச்சு. அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கோபம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். "வெறும் மாவுன்னு சொன்னிய. அப்ப எதுக்கு எறும்புக் கடி வாங்கிட்டு இருக்கிய?" கண்ணீர் சொட்டி ஓஸ்திமேல் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டேன். சொல்லித்தான் ஆகவேண்டும், இதன் முன்னால் வைத்துச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்ல. "மாவு இல்ல அமலி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் திருப்பி அனுப்புனதும் மாவு இல்ல. அவ நாக்க நீட்டிக் கேட்டா. நான் வாசல்ல நின்னு மறிச்சிட்டேன். ஒண்ணும் வாங்காம வெறுங்கையோட போய்ட்டா."

அமலி தலையிலிருந்த முந்தானையைச் சரி செய்தாள். "அத்தான், அக்கா வாங்கிட்டுத்தான் போனா" என்றாள். எனக்குப் புரியவில்லை. "விடியக்காலம் நீங்க கீழ டீ குடிக்கப் போனியள்லா. நான் ராத்திரியே சாமிகிட்டச் சிமிழ வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு வராண்டாவுலதான் இருந்தேன். நீங்க படியிறங்குனதும் உள்ள போனேன். கையில குடுக்கப் போனா தலைய ஆட்டுதா, கையில வாங்க மாட்டாளாம், ஒங்களுக்குக் குடுத்த வாக்காம். வாயத் தொறந்தா. சின்னத் துணுக்கு, ஸ்பூன்ல தண்ணி விட்டுக் குடுத்தேன். முழுங்கிட்டா. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, அவியகிட்டச் சொல்லாத, வருத்தப்படுவாவன்னா." இவ்வளவையும் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மூணு வருசமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். நீங்க திட்டுவியளேன்னுதான்."

எறும்பு மணிக்கட்டு வரை ஏறிக் கடித்தது. நான் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறாள் பிலோமி. தாடைக்குக் கீழே தட்டு இல்லை, கிராதி இல்லை, லத்தீன் இல்லை, அபிஷேகம் பண்ணின விரல் இல்லை, வெங்காயம் நறுக்குகிற கை ஒன்று ஸ்பூனோடு. வாசலை மறித்தவன் நான் கீழே பாய்லர் டீக்குக் காத்து நின்றபோது, நான் நினைத்தே பார்க்காத பக்கமாக அவர் அவளிடம் ஏறிப் போயிருக்கிறார். பயமாக இருந்தது. சந்தோஷம்தான், ஆனாலும் பயம், கம்பத்துக்குக் கீழே நின்று பரமசிவத்தை அண்ணாந்து பார்த்த அன்று வந்த அதே பயம். கிராதியை எடுத்தது தப்புதான், அதை இப்போதும் சொல்வேன். தட்டு இல்லாமல் கொடுப்பதும் தப்பு, இதோ தரையில் கிடக்கிறதே சாட்சி. வரும் ஞாயிறும் மில் பூசைக்குத்தான் போவேன், அங்கே சாமியாரிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன், அவர் என்ன சொல்கிறாரோ. ஆனால் மாவு என்ற சொல் இனி என் வாயில் வராது. "நீ எடும்மா" என்றேன்.

அவள் வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டாள். குனிந்து, இரண்டு விரலால், பிறந்த குழந்தையைத் தூக்குகிற பதனத்தோடு எடுத்தாள். ஒரு எறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது, அதை மெல்ல விலக்கினாள். "நீங்க வாங்குறியளா அத்தான்?" என்றாள். காலையில் காபி குடித்து விரதம் முறிந்துவிட்டது, பாவசங்கீர்த்தனம் பண்ணவில்லை, என்னால் இன்று முடியாது என்றேன். அவள் தலையாட்டினாள். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் விரல் கழுவுகிற சின்னத் தண்ணீர்க் கிண்ணம் உண்டு, கீழே விழுந்ததை அதில் இட்டுக் கரைய விடுவார்கள். அங்கே கொண்டுபோக எழுந்தாள். நானும் தூணைப் பிடித்து எழுந்தேன். விரிசல் விட்டது அது, வழியில் சிந்தினால்? தட்டுக்கு எங்கே போக. எறும்பைத் தட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அவள் விரல்களுக்குக் கீழே பிடித்தேன். அப்படியே பக்கவாட்டில் நடந்தோம், அவள் ஒரு எட்டு, நான் ஒரு எட்டு, கிராதி இருந்த இடத்தைத் தாண்டி, பதினான்கு வருடமாக ஏறாத பீடத்துப் படியில். முதல் படி. இரண்டாவது படியில் அவள் கால் சேலையில் லேசாகத் தடுக்கியது. ஓஸ்தி அவள் விரலில்தான் இருந்தது. ஓரத்து விரிசலிலிருந்து ஒரு துணுக்கு, அரிசிக் குருணையில் பாதி இருக்காது, பிரிந்து வந்து என் வலது உள்ளங்கையில் விழுந்தது.

முப்பத்தொரு வருடம் ரப்பர் கையுறை போட்ட கை. இன்று வெறுங்கை. எடை என்று ஒன்றுமே இல்லை. ஆனால் தோள்பட்டை வரைக்கும் கை கனத்தது, அசைக்க முடியவில்லை. "நில்லு அமலி" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நில்லு. என் கையில இருக்காவ."